ஏழு பேர் இழுத்தால் நகரும் தேர்: எழுத்து விளையாட்டுகளுக்கான கட்டற்ற நிரல்தொகுதி, ஓர் அறிமுகம்

திரையில் படம் ஏதும் இல்லை. கறுப்புப் பின்னணியில் சில வரிகள் மட்டும்.

கீழ ரத வீதி
மேற்கே நெல்லையப்பர் கோயில் கோபுரம். வீதியின் நடுவே தேர். வடங்கள் தரையில் நீண்டு கிடக்கின்றன. எங்கிருந்தோ அல்வா கிண்டும் நெய் வாசனை.
வழிகள்: வடக்கு, தெற்கு, மேற்கு

அதற்குக் கீழே கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது. "இழு" என்று அடிக்கிறீர்கள். "வடத்தைப் பிடித்து இழுக்கிறீர்கள். தேர் அசையவில்லை" என்று பதில் வருகிறது. தனியாளாக இழுத்து எந்தத் தேர் நகர்ந்தது? இன்னும் ஆறு பேர் வேண்டும். ஒருவர் மேலப்பாளையத்தில் வீட்டு மாடியில் இருக்கலாம், இன்னொருவர் சென்னையில் விடுதி அறையில் இருக்கலாம். ஐந்து விநாடிக்குள் ஏழு பேர் "இழு" என்று அடித்தால்தான் எல்லோர் திரையிலும் ஒரே நேரத்தில் அந்த வரி தோன்றும்: "தேர் குலுங்கி, முன்னே நகர்கிறது."

இது என் அக்கா மகனும் நானும் வீட்டுப் பழைய மடிக்கணினியில் கட்டிய சிறு விளையாட்டு. பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "இதற்கு எத்தனை ஆயிரம் வரி நிரல் எழுதினீர்கள்?" என்பதுதான். நாங்கள் எழுதியது 300 வரிகூட இருக்காது. மற்றதெல்லாம் முகம் தெரியாத பலர் பல ஆண்டுகளாக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டுப் போனவை. அந்த 'மற்றதெல்லாம்' என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை. நிரல் எழுதத் தெரியாதவர்களும் படிக்கலாம்.

இவ்வகை விளையாட்டுக்கு 'மட்' என்று பெயர். பலர் ஒரே நேரத்தில் உலவும் நிலவறை என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் தொடங்கினார். உடன் படித்த ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தெடுத்தார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் உடனே படிக்கிறார், ஒருவர் எடுத்த விளக்கு இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகிறது என்பதே அன்று பெரிய வியப்பு. இன்று பல லட்சம் பேர் ஒன்றாக ஆடும் பட விளையாட்டுகளுக்கு இதுதான் மூத்த தலைமுறை.

பாத்திரம் யாருடையதானால் என்ன?

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாணங்களில் மறுவீட்டுக்குச் சொதி வைப்பார்கள். தேங்காய்ப் பால் எடுக்கும் பக்குவமும், எந்தக் காயை எப்போது போடுவது என்பதும் அந்தந்த வீட்டின் சொத்து. ஆனால் அண்டாவும் குண்டாவும் கரண்டியும் அடுப்பும் யாரும் புதிதாகச் செய்துகொள்வதில்லை. பாத்திரக் கடையில் வாடகைக்கு எடுத்து வருகிறார்கள். ஒரு பந்திக்கு எவ்வளவு பெரிய அண்டா வேண்டும் என்பது கடைக்காரருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

நிரல்தொகுதி என்பது அந்தப் பாத்திரக் கடை. எழுத்து விளையாட்டை நடத்த எது எப்போதும் தேவைப்படுமோ அதெல்லாம் அதில் அடங்கியிருக்கும்: பலரை ஒரே நேரத்தில் உள்ளே விடுவது, அவர்கள் அடிப்பதைப் படித்துப் புரிந்துகொள்வது, யார் எந்த அறையில் நிற்கிறார் என்று நினைவில் வைப்பது, ஒருவர் பேசினால் அதே அறையில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கச் செய்வது, மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்தில் தொடர்வது. ஊரும் தேரும் கதையும் அதில் இருக்காது. அது நம் சமையல்.

இப்படிப் பிரிக்கலாம் என்பதே பிறகுதான் தெளிவாயிற்று. தொடக்க காலத்தில் பலவற்றில் விளையாட்டும் அதை ஓட்டும் இயந்திரமும் ஒரே உருண்டையாக இருந்தன. ஓர் அறையை மாற்ற வேண்டுமானால் நிரலையே திறக்க வேண்டியிருந்தது. 1989இல் சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் பென்ஷோ 'எல்பிமட்' என்ற ஒன்றை எழுதினார். அதில் கீழே ஓடும் இயந்திரம் ஒன்று, அதன் மேல் உலகத்தை எழுதுவதற்கென்றே தனி மொழி ஒன்று என இரண்டாக வெட்டினார். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் எழுதிய 'டைனிமட்' வேறொரு கதவைத் திறந்தது. சண்டையும் புள்ளியும் இல்லை, ஆனால் விளையாட வந்தவர்களே அறை கட்டலாம். 1991 வாக்கில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித் துறை மாணவர்கள் ஐவர் 'டிகுமட்' கொடுத்தார்கள். துறையின் பெயர்ச் சுருக்கம்தான் 'டிகு'. அதை இறக்கி, தொகுத்து, ஓடவிட்டால் அன்றே ஒரு முழு விளையாட்டு தயார். அதனால் அது காட்டுத்தீ போலப் பரவியது. 1993இல் ஜெரமி எல்சன் அதைத் துப்புரவாக்கி 'சர்க்கிள்மட்' என்று வெளியிட்டார். நிரல் கற்க விரும்பும் மாணவர்கள் அதை இன்றும் பிரித்துப் பார்க்கிறார்கள்.

நாங்கள் எடுத்துக்கொண்டது இவற்றில் எதுவும் இல்லை. 'எவென்னியா' என்பதை எடுத்தோம். 2006இல் தொடங்கப்பட்டது, பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. மருமகன் பாலிடெக்னிக்கில் பைத்தான் படித்திருந்தான் என்பதுதான் உண்மையான காரணம். மற்ற காரணங்களைப் பிறகு கண்டுபிடித்தோம்.

உள்ளே என்ன நடக்கிறது

முதலில் வாசல். ஒவ்வொரு ஆட்டக்காரரும் இணையத்தின் வழியாக ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரல்தொகுதி எல்லாக் குழாய்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எதில் புதிதாக ஒரு வரி வந்திருக்கிறது என்று கவனிக்கிறது. பழைய குழாய்க்கு டெல்நெட் என்று பெயர், இப்போது உலாவி வழியாகவே வரலாம். எவென்னியாவில் டெல்நெட்டுக்கு 4000, உலாவிக்கு 4001 என்று இரண்டு வாசல் எண்கள் முதலிலேயே அமைந்திருக்கும். டெல்நெட்டில் ஓர் ஆபத்து உண்டு: கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே பயணிக்கும். வங்கிக் கணக்குக்கு வைத்திருக்கும் கடவுச்சொல்லை இங்கே வைக்காதீர்கள்.

படம் இல்லாததால் வரும் லாபத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வரி பதில் சில நூறு பைட்டுகள்தான். காரையாறு பக்கம் போய்விட்டால் கைபேசியில் ஒரு கோடு சிக்னல் வருவதே பெரிது. அந்த ஒரு கோட்டிலும் இது ஓடிவிடும். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் கொண்டு இதை மற்றவர்களுக்குச் சமமாக ஆடலாம் என்பது அதைவிடப் பெரிய லாபம். ஆங்கில மட் விளையாட்டுகளில் அவர்கள் நீண்ட காலமாகவே இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியே இருக்க, அந்த ஊரில் நின்றுகொண்டு இதைத் தமிழில் யாரும் பெரிதாக எண்ணிப் பார்க்கவில்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு.

அடுத்தது துடிப்பு. தவில்காரர் வாசிக்காமல் இருக்கும் கணத்திலும் தாளம் ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா? அதுபோல, யாரும் எதுவும் அடிக்காவிட்டாலும் நிரல்தொகுதிக்குள் ஒரு தாளம் ஓடுகிறது. சர்க்கிள்மட்டில் விநாடிக்குப் பத்துத் துடிப்பு. இருபது துடிப்புக்கு, அதாவது இரண்டு விநாடிக்கு ஒருமுறை சண்டையில் அடுத்த அடி விழும். 75 விநாடி ஓடினால் விளையாட்டுக்குள் ஒரு மணி நேரம் கழியும். அப்படியானால் ஒரு நாள் முப்பது நிமிடம். மாதத்துக்கு 35 நாள், ஆண்டுக்கு 17 மாதம் என்று வேறு வைத்திருக்கிறார்கள். நம் கணக்கில் ஏறத்தாழ பன்னிரண்டரை நாளில் அங்கே ஓர் ஆண்டு முடிந்துவிடும். வெளியே சித்திரை முடிவதற்குள் உள்ளே இரண்டு வருடம் ஓடிவிடும்.

எங்கள் தேர் நகர்வதும் இந்தத் தாளத்தால்தான். "இழு" என்று ஒருவர் அடித்ததும் தேர் அவர் பெயரைக் குறித்துக்கொள்கிறது. ஐந்து விநாடிக்கு ஒருமுறை துடிப்பு வந்து பட்டியலை எண்ணுகிறது. ஏழு பெயர் இருந்தால் தேரை அடுத்த அறைக்கு மாற்றி, அந்த அறையில் இருப்பவர் எல்லோருக்கும் செய்தி அனுப்புகிறது. இல்லாவிட்டால் பட்டியலை அழித்துவிடுகிறது. ஒரே ஆள் ஏழு முறை அடித்து ஏமாற்ற முடியாது. பெயர் ஒன்றுதானே. மருமகனின் நண்பன் ஒருவன் அதற்கும் வழி கண்டுபிடித்து ஏழு கணக்குத் தொடங்கினான். அது வேறு கதை.

மூன்றாவது, உலகம். நிரல்தொகுதியின் கண்ணுக்கு உலகம் என்பது அறைகளும் அவற்றை இணைக்கும் வழிகளும்தான். வீதியும் ஓர் அறை, ஆற்றங்கரையும் ஓர் அறை, மொட்டை மாடியும் ஓர் அறை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு பெயர், ஒரு வருணனை. சர்க்கிள்மட் இவற்றைச் சாதாரண உரைக்கோப்புகளில் வைக்கிறது: அறைகளுக்கு ஒரு கோப்பு, கதாபாத்திரங்களுக்கு ஒன்று, பொருள்களுக்கு ஒன்று, கடைகளுக்கு ஒன்று. எவென்னியா எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் போடுகிறது. முதல்முறை ஓடவிடும்போது அந்தத் தரவுத்தளம் ஒரே கோப்புதான். சர்வரை நிறுத்திவிட்டு அந்தக் கோப்பைப் பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டால் ஊரையே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

இதில் தொடக்கக்காரர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எதை நினைவில் வைப்பது, எதை மறப்பது? எவென்னியாவில் ஒரு பொருளின் மேல் இரண்டு வகையாகச் சீட்டு ஒட்டலாம். ஒன்று தரவுத்தளத்தில் பதிவது. மின்சாரம் போய் வந்தாலும் இருக்கும். மற்றது கணினியின் நினைவில் மட்டும் நிற்பது, நிறுத்தினால் போய்விடும். தேர் எந்த வீதியில் நிற்கிறது என்பதை முதல் வகையில் வைத்தோம். யார் யார் வடம் பிடித்திருக்கிறார்கள் என்பதை இரண்டாம் வகையில் வைத்தோம். மின்வெட்டு முடிந்து திரும்பி வரும்போது தேர் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஆனால் ஆட்கள் புதிதாகத்தான் வடம் பிடிக்க வேண்டும். நிஜத் தேரோட்டத்திலும் அப்படித்தானே.

உள்ளே இருந்தபடியே ஊரைக் கட்டும் வசதியும் இருக்கிறது. விளையாட்டை நிறுத்த வேண்டாம், கோப்பைத் திறக்க வேண்டாம். எவென்னியாவில் தோண்டுவதற்கான கட்டளையைக் கொடுத்து, அறையின் பெயரையும், போகும் வழியின் பெயரையும், திரும்பும் வழியின் பெயரையும் எழுதினால் அறை தயார். யார் தோண்டலாம், யார் கூடாது என்பதற்கு அனுமதிப் படிகள் உண்டு: வெறும் ஆட்டக்காரர், உதவியாளர், ஊர் கட்டுபவர், நிர்வாகி என்று ஏறிப் போகும். அரட்டைக்குத் தனி அலைவரிசைகள், உதவிப் பக்கங்கள், காலியான கடையில் சரக்கை நிரப்புவது போன்றவை எல்லாத் தொகுதிகளிலும் ஏதோ ஒரு வடிவில் இருப்பவை. அவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை, ஓடவிட்டதும் தாமாகப் புரியும்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வேறு. எவென்னியா ஓடும்போது இரண்டு பகுதிகளாக ஓடுகிறது. வாசலில் நின்று குழாய்களைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்று. உள்ளே விளையாட்டை நடத்துவது இன்னொன்று. நிரலைத் திருத்திவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னால் உள்ளே இருப்பது மட்டும் செத்துப் பிழைக்கும். வாசல்காரர் யாரையும் வெளியே விடுவதில்லை. விருந்து நடக்கும்போதே சமையற்காரரை மாற்றுவது போல. பந்தியில் இருப்பவர்கள் "ஒரு நிமிடம் பொறுங்கள்" என்ற வரியைத் தவிர வேறெதையும் அறியமாட்டார்கள். இந்த வசதி இருந்ததால்தான் நாங்கள் நண்பர்களை உள்ளே வைத்துக்கொண்டே குறுக்குத்துறையைக் கட்டினோம். ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயில், படித்துறை, மருதமரங்கள். தாமிரபரணியில் நீர்மட்டம் ஏறினால் அறையின் வருணனை மாறும்படி ஒரு சிறு நிரல் எழுதினான் மருமகன். மூன்று படி ஏறினால் படித்துறைக்குப் போகும் வழி மறையும். ஐந்தானால் கோயில் மண்டபமே தண்ணீருக்குள் போய்விடும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவன் அவன். அந்த வருணனைகளை எழுத அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் படும் பாடு நமக்கில்லை. காசு வாங்காமல் கொடுத்தால் இலவசம். எடுத்து, பிரித்து, மாற்றி, பிறருக்கும் கொடுக்கலாம் என்றால் கட்டற்றது. டிகுமட் நெடுங்காலம் முதல் வகையில்தான் இருந்தது. நிரலைப் பார்க்கலாம், மாற்றலாம். ஆனால் அதை வைத்து ஒரு காசு சம்பாதிக்கக் கூடாது, ஆசிரியர்கள் ஐவரின் பெயர் நுழைவுத் திரையில் இருக்க வேண்டும். அதிலிருந்து கிளைத்தவற்றுக்கும் அந்த நிபந்தனைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. பிற்காலத்தில் டிகுமட்டின் ஆசிரியர்கள் தங்கள் பங்கைக் கட்டற்ற உரிமத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் கிளைகளை எழுதியவர்கள் தனித்தனி ஆட்கள். ஆகவே பழைய கிளை ஒன்றை எடுப்பவர், கூடவே இருக்கும் உரிமக் கோப்பைப் படிக்காமல் தொடங்கக் கூடாது.

எவென்னியா பிஎஸ்டி உரிமத்தில் வருகிறது. பதிப்புரிமை அறிவிப்பை அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை. நுழைவுக் கட்டணம் வாங்கினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. (எங்கள் தேருக்குக் கட்டணம் இல்லை.)

அவர்கள் நினைத்துப் பார்க்காதது

இதுவரை சொன்னதெல்லாம் எந்த அறிமுகத்திலும் கிடைக்கும். தமிழில் ஒரு விளையாட்டை ஓடவிடும்போதுதான் வேறொன்று தெரிய வந்தது. பாத்திரத்தோடு கடைக்காரரின் சமையல் பழக்கமும் சேர்ந்து வந்துவிடுகிறது.

முதல் இடி எழுத்திலேயே விழுந்தது. எவென்னியாவுக்கு முன் ஆசைக்குச் சர்க்கிள்மட்டை ஓடவிட்டுப் பார்த்தோம். தமிழில் அடித்தால் ஒன்றுமே நடக்கவில்லை, வெற்று வரி போனது போல இருந்தது. நிரலைத் திறந்தால் காரணம் தெரிந்தது. உள்ளே வரும் ஒவ்வொரு பைட்டையும் சோதித்து, ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியும் இல்லாதவற்றை வீசிவிடுகிறது. எழுதிய காலத்தில் அது நல்ல பாதுகாப்பு. நமக்கு வாயைக் கட்டியது போல. அந்தச் சோதனையை எடுத்துவிட்டாலும் அடுத்த சுவர் நிற்கும். 'திருநெல்வேலி' என்பதில் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அது பன்னிரண்டு குறியீடு, இணையத்தில் பயணிக்கும்போது 36 பைட். ஒரு வரிக்கு 256 பைட் என்று அவர்கள் ஒதுக்கிய இடத்தில் நம் ஊர்ப்பெயரை ஏழு முறை எழுதினால் இடம் தீர்ந்துவிடும். எவென்னியாவில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அங்கும் ஒரு பேய் ஒளிந்திருந்தது. 'போ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் இரட்டைக் கொம்பும் பின்னால் காலும் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஒருவருக்கு "போ" வேலை செய்கிறது, இன்னொருவருக்கு இல்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். வரும் வரியை முதலில் ஒரே வடிவுக்கு மாற்றும் பைத்தான் வரி ஒன்றைச் சேர்த்ததும் சரியாயிற்று.

இரண்டாவது இடி இலக்கணத்தில். ஆங்கிலத்தில் வினை முன்னால் வரும்: எடு, பிறகு விளக்கு. ஆகவே இந்தத் தொகுதிகள் எல்லாம் வரியின் தொடக்கத்தில் கட்டளையைத் தேடும். நாம் "விளக்கை எடு" என்போம். இயந்திரம் "'விளக்கை' என்றொரு கட்டளை கிடையாது" என்று கைவிரிக்கும். சில தமிழ் முயற்சிகளில் "எடு விளக்கு" என்று ஆட்டக்காரரை எழுதவைப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஏற்கவில்லை. மனிதர் வளைய வேண்டுமா, இயந்திரம் வளைய வேண்டுமா? எவென்னியாவில் கட்டளையைப் பிரித்தறியும் பகுதியை அமைப்புக் கோப்பில் ஒரு வரியில் மாற்றிவிடலாம். கடைசிச் சொல்லைக் கட்டளையாகவும் அதற்கு முன் இருப்பதைப் பொருளாகவும் எடுக்கும்படி புதிதாக ஒன்று எழுதினோம். பிறகு வேற்றுமை உருபு குறுக்கே வந்தது: விளக்கு விளக்கையாகிறது, மரம் மரத்தையாகிறது, கல் கல்லையாகிறது, வீடு வீட்டையாகிறது. முழு இலக்கணத்தையும் நிரலாக்கும் துணிவு எங்களுக்கு இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உருபேற்ற வடிவங்களை மாற்றுப்பெயர்களாகக் கொடுத்துவிட்டோம். குறுக்குவழிதான். வேலை செய்கிறது.

வேலை செய்கிறது என்று சொன்ன அன்று மாலையே தேர் தானாக நகர்ந்தது. ஆறு பேர் வடம் பிடித்து நிற்க, ஏழாமவர் பேச்சாக, "சீக்கிரம் வந்து தேரை இழு" என்று எழுதியிருக்கிறார். கடைசிச் சொல் 'இழு'. இயந்திரம் சொன்னதைச் செய்துவிட்டது. மேற்கோள் குறியில் தொடங்கும் வரியெல்லாம் பேச்சு என்று எவென்னியாவில் ஏற்கெனவே ஒரு வழக்கம் இருக்கிறது. அதை எங்கள் பிரிப்பானில் முதல் சோதனையாக வைத்த பிறகுதான் அடங்கியது.

மூன்றாவது, திசை. ஆங்கிலத்தில் நான்கு திசைகளுக்கும் மேலுக்கும் கீழுக்கும் ஆறு வேறு வேறு முதலெழுத்துகள். ஓர் எழுத்தை அடித்து ஓடிவிடுவார்கள். நமக்கு மேற்கும் மேலேயும் 'மே', கிழக்கும் கீழேயும் ஏறத்தாழ ஒன்று. அதிலும் திருநெல்வேலியில் மேற்கு என்றால் மேல, கிழக்கு என்றால் கீழ. மலை மேற்கே, கடல் கிழக்கே. பொதிகையில் பிறந்த ஆறு புன்னைக்காயலை நோக்கி இறங்குகிறது. அதனால் எங்களுக்கு மேல ரத வீதி மேற்கில், கீழ ரத வீதி கிழக்கில். மருமகன் இதை யோசிக்காமல் 'கீழே' என்பதற்குச் சுருக்கமாக 'கீழ' என்று வைத்திருந்தான். அக்கா ஒருநாள் ஆசையாக உட்கார்ந்து கோயிலுக்குள் சுற்றிவிட்டு, பொற்றாமரைக் குளக்கரையிலிருந்து வெளியே வர "கீழ" என்று அடித்தாள். படியிறங்கிக் குளத்துக்குள் போய்விட்டாள்.

"ஏன் தம்பி, கீழ ரத வீதிக்குப் போகிறேன் என்றால் குளத்தில் தள்ளுகிறதே இது?"

இப்போது எங்கள் ஊரில் மேலே போக "ஏறு", கீழே போக "இறங்கு". 'கீழ' என்றால் கிழக்குதான்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு: கணினியில் பைத்தான் இருந்தால் போதும். அதன் வழக்கமான நிறுவும் முறையில் எவென்னியாவை நிறுவி, விளையாட்டுக்கு ஒரு கோப்புறை உருவாக்கி, தரவுத்தளத்தைத் தயாராக்கி, ஓடவிட வேண்டும். நான்கு கட்டளைகள். முதல்முறை ஓடும்போது தலைமைக் கணக்குக்குப் பெயர் கேட்கும். பிறகு உலாவியில் உங்கள் கணினியின் 4001ஆம் வாசலைத் திறந்தால் 'லிம்போ' என்ற ஒற்றை அறையில் நிற்பீர்கள். கட்டளை அடிக்கும் கறுப்புச் சாளரமான முனையத்தைவிட உலாவியையே பயன்படுத்துங்கள். பல முனையங்கள் தமிழ் எழுத்துகளைக் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமுமாகச் சிதைத்துவிடும். முதல் நாளே ஊரைக் கட்ட வேண்டாம். இரண்டு அறை, ஒரு வழி, ஒரு விளக்கு. அந்த விளக்கை உங்கள் ஊர்த் தமிழில் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். நிரல்தொகுதி சரியா தவறா என்பதற்கு என் சோதனை அதுதான்.

எங்கள் தேர் போன வாரம் நான்கு வீதிகளில் மூன்றைக் கடந்து மேல ரத வீதி முனையில் நிற்கிறது. வடக்கு ரத வீதிக்குள் திரும்ப மறுக்கிறது. மருமகன் நிரலைத் துழாவிக்கொண்டிருக்கிறான். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "சறுக்குக்கட்டை போடாமல் எந்த ஊர்த் தேரடா முனை திரும்பியது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவன் இப்போது கட்டை போடுவதற்கென்று ஒரு கட்டளை எழுதுகிறான். அதற்கு எட்டாவது ஆள் ஒருவர் தேவைப்படும்.